கப்பல் பாட்டில் இல்லாத இடம்

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுவான். அடிக்கும்வரை படுத்திருந்து, அடித்ததும் அணைப்பான். பல் தேய்ப்பான். கெட்டிலில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் இரண்டு ரொட்டித் துண்டுகளைச் சூடு பண்ணி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி எடுப்பான். நின்றபடியே சாப்பிடுவான். தட்டையும் கோப்பையையும் உடனே கழுவிக் கவிழ்ப்பான். ஒரு தட்டு, ஒரு கோப்பை. வேலை சீக்கிரம் முடிந்துவிடும். சட்டை முந்தின நாளே இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கும். இழுப்பறைக்குள் கையை விட்டு, கைக்கு வந்த இரண்டு சாக்ஸை எடுத்து மாட்டிக்கொள்வான். பார்த்து எடுக்க வேண்டியதில்லை. எல்லாமே கறுப்பு. எட்டு மாதத்துக்கு முன்பு ஒரே கடையில் ஒரே மாதிரி ஒரு டஜன் வாங்கினான். பழையவற்றைப் பையில் போட்டுக் கட்டி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான்.

அதன் பிறகும் கொஞ்ச நேரம் மீதி இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்துக் கப்பல் பாட்டை ஒரு தடவை வாசிப்பான். நன்றாக வந்ததா என்று யோசிப்பதில்லை. முடிந்ததும் உறைக்குள் போட்டு ஜிப்பை இழுப்பான். கதவைப் பூட்டி, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்ப்பான். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்தே போவான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. அதற்கென்றே கல்லூரியில் படித்தவன். இருட்டறை, எதிர்ச்சுவரில் எழுத்துகள், வருகிறவர் மூக்கின் மேல் ஒரு கனமான சட்டம். அதில் லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, முதலில் தெரிந்தது தெளிவா, இப்போது தெரிவது தெளிவா என்று கேட்க வேண்டும். நாள் முழுக்க இந்த ஒரே கேள்விதான். பாதிப் பேர், ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு என்பார்கள். அப்படி இருக்க வழியில்லை என்று அவனுக்குத் தெரியும். வாதாடுவதில்லை. இன்னொரு தடவை மாற்றிக் காட்டுவான்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவன் மனைவி மருந்துக் கடைக்கு வேலைக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் இறங்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தார்களாம். மூளையில் ஒரு ரத்தக் குழாய் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். படித்தவன் என்பதால் படம் புரிந்தது. புரிந்து ஆனது ஒன்றுமில்லை.

ஆறு மாதம் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு பேக்கரிக்காரர் போன் பண்ணினார். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூலை காலியாகக் கிடக்கிறது, மாவு மூட்டையைத்தான் உட்கார வைத்திருக்கிறேன், அதைவிட நீ பரவாயில்லை, வந்து சேர் என்றார். அவன் போனான்.

அந்தப் பேக்கரியில் ஞாயிறு சாயங்காலம் யார் வேண்டுமானாலும் பாடலாம், வாசிக்கலாம். காபியும் பன்னும் இலவசம். சட்டம் ஒன்றே ஒன்று. கேக் விலை எழுதும் கரும்பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை தொங்கும். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'பாட்டு' என்றும் மறு பக்கம் 'யாருது' என்றும் எழுதியிருக்கும். இரண்டையும் சாக்பீஸால் நிரப்பிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். அடுத்தவர் பாட்டை வாசிப்பது தப்பில்லை. யாருடையது என்று சொல்லாமல் வாசிப்பதுதான் தப்பு.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் ஒரு பேங்க் கிளார்க். சொந்தமாக மெட்டமைத்தேன் என்று கண்ணை மூடி உருகிப் பாடிக்கொண்டிருந்தார். கேக் வாங்க வந்த ஒரு சின்னப் பெண் அவரோடு சேர்ந்து பாட ஆரம்பித்தாள். கடைசி வரி வரைக்கும் பாடினாள். டிவியில் வருகிற சோப்பு விளம்பரம். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே தன்னுடையது என்றுதான் நம்பியிருந்தார். ஆனாலும் அன்றிலிருந்து அவர் பெயர் சோப்பு. பேங்கில் மேனேஜராகிவிட்டார். பேக்கரியில் இன்னும் சோப்புதான்.

இவனைக் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். இவனுக்கு அந்த மாதிரி ஆபத்து வந்ததில்லை. வாசிக்கிற ஆறு பாட்டும் ஊருக்கே தெரிந்த பாட்டு. சொந்தமா ஒண்ணு பண்ணேன் என்று மனைவி ஒரு காலத்தில் சொல்லிப் பார்த்தாள். இருக்கிற நல்ல பாட்டையே ஒழுங்கா வாசிக்க வரலை, இதுல நான் வேற ஒண்ணு பண்ணி ஊரைக் கெடுக்கணுமா என்பான். கப்பல் கரையை விட்டுப் போவதைப் பற்றிய அந்தப் பழைய பாட்டை மூன்றாவதாக வாசிப்பான். கூட்டம் தலையாட்டும். கிளம்பி வந்துவிடுவான்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறன்று, வாசித்து முடித்து உறையில் போடும்போது வேன் அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கத்தலைக் கேட்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காதைக் கழுவிக்கொள்ள வருவதாகச் சொல்வாள்.

"கண்ணாடி, ஒண்ணு கேக்கணும். கப்பல் பாட்டு நடுவுல மேல ஏறி, இறங்கி, சுத்திக்கிட்டு வருதே ஒரு இடம். அது யாருது?"

"அந்தப் பாட்டுலயே இருக்கிறதுதான்க்கா."

"இல்லையே. இந்த வாரம் பூரா வேன்ல அதைத்தான் போட்டேன். பசங்க எல்லாம் என்னை அடிக்க வந்துட்டாங்க. அந்த இடம் அதுல இல்லை."

வேறு யாராவது பாடிய பதிவைக் கேட்டிருப்பீர்கள் என்றான் அவன். பேக்கரிக்காரருக்கு இதுமாதிரி விஷயம் என்றால் அடுப்பில் இருக்கிற ரொட்டிகூட ஞாபகம் வராது. கவுன்டருக்குப் பின்னால் போய், அசல் பாட்டைத் தேடி ஸ்பீக்கரில் போட்டார். கடையே காது கொடுத்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வேன் அக்கா கேட்ட இடம் வந்தது. நான்கு தட்டு, ஒரு மூச்சு, நேராகச் சரணம். ஏறவில்லை, இறங்கவில்லை, சுற்றவும் இல்லை.

இன்னொரு தடவை போடச் சொன்னான். அப்போதும் இல்லை.

"அடப்பாவி. பலகையில ஒருத்தர் பேரை எழுதிட்டு, உள்ள வேற சரக்கை வெச்சு வித்திருக்கே" என்றார் பேக்கரிக்காரர். அது யாருடையது என்று கேட்டார். தெரியவில்லை என்றான். உன்னுடையதா என்றார். மூலை மேஜையில் உட்கார்ந்திருந்த சோப்பு, இருமுவதற்கு நடுவே, பார்த்துச் சொல்லு தம்பி என்றார். கடை முழுக்கச் சிரித்தது. சோப்புதான் அதிகமாகச் சிரித்தார்.

யாருடையது என்று தெரிந்த பிறகு வந்து எழுது, அதுவரைக்கும் கப்பல் பாட்டு வேண்டாம், மிச்சம் ஐந்தை வாசி என்று தீர்ப்பாயிற்று.

வீட்டுக்கு வந்து அந்த இடம் இல்லாமல் கப்பல் பாட்டை வாசித்துப் பார்த்தான். முடியவில்லை. விரல் தானாக மேலே ஏறியது. இன்னொரு தடவை, மெதுவாக. அப்போதும் ஏறியது. தன் கையைத் திருப்பிப் பார்த்தான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும் போல் இருந்தது.

அடுத்த நாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஆறு பாட்டின் அசலையும் காதில் மாட்டிக் கேட்டான். ஒரு பாட்டின் துண்டு இன்னொன்றில் ஒட்டியிருக்கலாம் என்று நினைத்தான். எதிலும் இல்லை. அதே பாடகரின் மற்றப் பாட்டுகளைக் கேட்டான். விளம்பரங்களையும் விடவில்லை. சோப்பு, ஷாம்பு, பற்பசை. முதல் முறையாகப் பேங்க் மேனேஜர் மேல் அவனுக்கு இரக்கம் வந்தது. தன்னுடையது என்று நினைப்பதற்கும் அது தன்னுடையதாக இருப்பதற்கும் நடுவில் எந்த லென்ஸைப் போட்டுப் பார்ப்பது என்று அவன் படித்த படிப்பில் இல்லை.

புதன்கிழமை கல்லூரிச் சிநேகிதனைப் பார்க்கப் போனான். இருவரும் கல்லூரி இசைக்குழுவில் இருந்தவர்கள். சிநேகிதன் பேஸ் கிட்டார் வாசித்தான். அதன் கம்பிகள் தடித்தவை, அவனும் தடித்தவன். அதனால் தடிக்கம்பி. இப்போது டயர் கடை வைத்திருக்கிறான். அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவில் ஒரு டயர் மேலேயே உட்கார்ந்து இவன் கப்பல் பாட்டை வாசித்தான். அந்த இடம் வந்ததும் தடிக்கம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய், அதை இன்னும் விடலையா நீ? அது டபாய்ப்புடா."

"என்ன டபாய்ப்பு?"

"உனக்கு எஃப் பிடிக்க வராது. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தான். எஃப் என்பது கிட்டாரில் புதிதாகச் சேருகிறவர்களை அழ வைக்கும் பிடி. சுட்டுவிரலைக் கம்பு மாதிரி படுக்க வைத்து ஆறு கம்பியையும் ஒன்றாக அழுத்த வேண்டும். அவன் விரல் ஒல்லி. அழுத்தினால் பாதிக் கம்பி பேசாது. கப்பல் பாட்டில் சரணத்துக்கு முன்னால் நான்கு தட்டு எஃப் வரும். மேடையில் அந்த நான்கு தட்டை அவன் எப்படியாவது தாண்ட வேண்டும். இரண்டு விரலை மெல்லிய கம்பிகளில் வைத்து மேலே ஏறி, கீழே இறங்கி, ஏதோ பெரிய வேலை செய்கிற மாதிரி பாவனை பண்ணித் தாண்டிவிடுவான்.

"ஜனங்க கைதட்டுவாங்க. நான் கீழ எஃப்பைப் பிடிச்சு உன் மானத்தைக் காப்பாத்துவேன்" என்றான் தடிக்கம்பி. "இது ஒண்ணைத் தவிர நாலு வருஷம் எஃப் இல்லாத பாட்டாத் தேடித் தேடி எடுத்தோம் உனக்காக. ஊர்ல இருக்கிற நல்ல பாட்டெல்லாம் அதனாலயே எங்களுக்கு இல்லாமப் போச்சு."

அப்படியானால் அது என்னுடையதுதானே என்று கேட்டான். கேட்கும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தடிக்கம்பி இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"முன்பாதி உன்னுது. ஏர்றது, இறங்கறது. பின்னாடி சுத்தி வளைச்சு ஆரம்பத்துக்கே வருதே, அது அப்ப இல்லை. நீ அப்பல்லாம் ஏறுவே, இறங்குவே, அப்படியே வழி தெரியாம நிப்பே. நான்தான் உன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வரணும்."

"அப்ப பின்பாதி எங்கேருந்து வந்தது?"

"என்னைக் கேட்டா? நீ எங்க போயிட்டு வந்தியோ, அங்க கேளு."

நடந்து வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தான். கல்லூரி முடிந்து, கல்யாணம் வரைக்கும் கிட்டார் உறைக்குள் கிடந்தது. வெளியே எடுத்ததே மனைவி கேட்டதால்தான். ஆகவே பின்பாதி இந்த வீட்டில்தான் வந்திருக்க வேண்டும். வீட்டில் இருந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் அவன்.

மற்றவரை அவன் அப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிட்டான். அவளுக்குப் பாட வராது. சும்மா சொல்லவில்லை. பிறந்தநாள் வாழ்த்து பாடினால், மெழுகுவத்தியை ஊதப் போன பிள்ளை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்கும். அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் காது இருக்கு, தொண்டைதான் இல்லை என்பாள்.

அன்று சாயங்காலமும் மாமியார் போன் பண்ணினார். தினமும் பண்ணுவார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார், பிறகு மகளைப் பற்றிப் பேசுவார். மகள் கடைசியாகத் தன்னிடம் போனில் பேசியதைச் சொல்லுவார். "நான் இல்லேன்னாலும் அவரை விட்டுடாதீங்கம்மான்னு சொன்னா மாப்பிள்ளை. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு." அந்த போன் பேச்சு நடந்தபோது அவன் பக்கத்தில்தான் இருந்தான். மிக்ஸி பிளேடை எங்கே மாற்றுவது என்பதுதான் பேச்சு. முதல் மாதம் அத்தை அதை மிக்ஸியோடுதான் சொன்னார். இரண்டாவது மாதத்தில் மிக்ஸி போய்விட்டது. பிறகு ஒரு பெருமூச்சு சேர்ந்தது. இப்போது யாரிடம் சொன்னாலும் கேட்கிறவர்கள் அழுதுவிடுகிறார்கள். அவன் திருத்தவில்லை. உங்களிடம் என்ன சொன்னாள் என்று அத்தை அவனைக் கேட்டதுமில்லை.

அன்றைக்கு ஒரு வேலை சொன்னார். மருந்துக் கடையில் மகளுடைய வெள்ளைக் கோட்டு இன்னும் தொங்குகிறதாம். அதையாவது வாங்கி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகிறேன் என்றார். மருந்துக் கடையிலிருந்தும் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் போகாமல் நாள் கடத்திக்கொண்டிருந்தான். அத்தை கேட்டபிறகு கடத்த முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் போனான். கவுன்டரில் புதுப் பெண் ஒருத்தி. மனைவிக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், அவனுக்கும் அவளைத் தெரியாது. நீலத் தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, தட்டையான கத்தி ஒன்றால் ஐந்து ஐந்தாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டான். நிமிரவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கேட்டான். பதில் சொல்லாமல் மூக்கால் ஏதோ மெட்டை இழுக்க ஆரம்பித்தாள்.

ஏறியது. இறங்கியது. சுற்றி வளைத்து ஆரம்பத்துக்கே வந்தது. மறுபடி ஏறியது.

அவள் தட்டைச் சாய்த்து மாத்திரைகளைப் புட்டியில் இறக்கி, மூடி போட்டு, எண்ணிக்கையை ஒட்டுத்தாளில் எழுதினாள். பிறகு நிமிர்ந்து, சொல்லுங்க சார் என்றாள்.

"இப்ப பாடினீங்களே, அது என்ன பாட்டு?"

"பாடலையே சார். எண்ணிட்டிருந்தேன்."

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பெரியவர் வந்தார். அந்தக் கடையின் மூத்த மருந்தாளுநர். இவனைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கோட்டை எடுத்துவரச் சொல்லி அந்தப் பெண்ணை உள்ளே அனுப்பினார். இவன் கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பெண் இழுத்த மெட்டைப் பற்றித்தான் கேட்டான்.

பெரியவர் விளக்கினார். மாத்திரை எண்ணும்போது யாராவது கூப்பிட்டு, அதற்குப் பதில் சொல்லிவிட்டால் கணக்குப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். முன்பெல்லாம் கையை உயர்த்திக் காட்டுவார்கள். வாடிக்கையாளருக்குக் கோபம் வரும், என்னைக் கையைக் காட்டி நிறுத்துகிறாயா என்று. இவன் மனைவிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். யாராவது கூப்பிட்டால் முணுமுணுப்பாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன், வந்துவிடுகிறேன் என்று அர்த்தம். பாட்டு கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கடையில் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அவளைப் பார்த்தே இராத இந்தப் பெண்கூட.

"அந்த மெட்டு எங்கேருந்து பிடிச்சாங்கன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்களே. எங்க வீட்டுக்காரர் ஒரு பாட்டை ஒரே ஒரு இடத்துல மட்டும் தப்பா வாசிப்பாரு, பாட்டைவிட அந்தத் தப்பு நல்லா இருக்கும்னு." பெரியவர் தயங்கினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. இங்க அதை வெச்சு உங்களை நிறையவே கிண்டல் பண்ணியிருக்கோம்."

"பின்பாதி?"

"அதுவா? உங்க தப்பு பாதியிலயே நின்னுபோச்சு. நூறு மாத்திரை எண்ணணும்னா பாட்டு பத்தலை. நடுவுல பாட்டு முடிஞ்சா கஸ்டமர் பேச ஆரம்பிச்சுடுவாங்க. அதனால திரும்பி ஆரம்பத்துக்கே வர்ற மாதிரி ஒரு வாலை ஒட்டணும்னாங்க. ஒரு வாரம் எங்க உசிரை எடுத்தாங்க. இப்படி வளைச்சா நல்லா இருக்கா, அப்படி வளைச்சா நல்லா இருக்கான்னு. எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருந்தது. இல்லை, ஒண்ணு இல்லைன்னு சண்டைக்கு வந்தாங்க."

கோட்டு வந்தது. மடித்துக் காகிதப் பையில் போட்டிருந்தார்கள். பையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன் கண்ணாடிக் கடைக்குத் திரும்பிப் போகாமல் ஒரு சுற்று நடந்தான்.

வீட்டில் எத்தனையோ தடவை அவளைக் கூப்பிட்டிருக்கிறான். சில சமயம் பதில் வராது. மூக்கால் எதையோ இழுப்பாள். கோபம் போலிருக்கிறது என்று நினைத்துச் சத்தம் காட்டாமல் போய்விடுவான். என்ன தப்பு செய்தோம் என்று அன்று முழுக்க யோசிப்பான். சில நாள் மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கிறான், எதற்கென்று தெரியாமல். அவளும் சரி, பொழைச்சுப் போ என்பாள். சலவைக்குப் போகிற துணியை எண்ணிக்கொண்டிருந்திருப்பாள். சில்லறை எண்ணிக்கொண்டிருந்திருப்பாள். கோபமே இல்லை.

அவள் தப்பான சுருதியில் இழுத்ததை அவன் காது எடுத்துக்கொண்டு, சரியான சுருதியில் விரலுக்குக் கொடுத்திருக்கிறது. அவனைக் கேட்கவில்லை. தன் தப்பை அவள் எடுத்துப் போனதும் தெரியாது, வால் ஒட்டித் திருப்பிக் கொடுத்ததும் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்குமா? ஒரு நாள் காலை அவன் அந்த வாலையும் சேர்த்து வாசித்ததைக் கேட்டு, சமையலறையில் நின்று சிரித்திருப்பாளா? இதைக் கேட்க ஆள் இல்லை. ஆனாலும் யோசித்துப் பார்க்க நன்றாக இருந்தது. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் கோட்டு வாங்க வந்தார். வீட்டில் வைத்துக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. பேக்கரிக்குக் கூட்டிப் போனான். வேன் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். அத்தை பையைப் பிரித்து, கோட்டில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மடித்து மடியில் வைத்துக்கொண்டார். முன்னால் வைத்த பன்னைத் தொடவில்லை.

அவன் பலகைக்குப் போனான். 'பாட்டு' என்ற பக்கத்தில், எண்ணிட்டிருக்கேன் என்று எழுதினான். 'யாருது' என்ற பக்கத்தில் கொஞ்சம் நின்றான். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்து பின்னால் நின்றார். சோப்பு கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

'முன்பாதி நான். பின்பாதி என் மனைவி.'

எழுத்து பலகையைத் தாண்டி மரச்சட்டம் வரைக்கும் போயிற்று. பேக்கரிக்காரர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கட்டத்துக்குள் அடங்கவில்லையே என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனார்.

கப்பல் பாட்டை அவன் வாசிக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் வாசித்தான். ஏறி, இறங்கி, வளைந்து, மறுபடி ஏறி. முதல் சுற்றில், பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று கூட்டம் காத்திருந்தது. மூன்றாவது சுற்றில் காத்திருப்பதை விட்டுவிட்டது. வேன் அக்கா விரலால் மேஜையில் தாளம் தட்டினாள். எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எண்ணி முடிகிற வரைக்கும் போவதற்காகச் செய்தது. கடைசியில் பேக்கரிக்காரர் ஒரு தட்டு ரொட்டியை வெளியே இழுத்து வைத்தார். அந்தச் சத்தத்தில் நிறுத்தினான். கைதட்டினார்கள். சோப்பு எழுந்து நின்று தட்டினார்.

வந்து உட்கார்ந்தபோது அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இது அவ மூக்கால இழுக்கிறதுதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"தெரியாம என்ன. போன்ல நான் பேசிட்டே இருப்பேன். நடுவுல இப்படி இழுக்க ஆரம்பிச்சுடுவா. நான் சொல்றது பிடிக்கலை போலிருக்குன்னு நினைச்சு வெச்சுடுவேன்."

"எண்ணிட்டிருந்திருப்பா அத்தை. எண்ணறப்ப பதில் சொன்னா கணக்கு தப்பிடும்."

மருந்துக் கடையில் கேட்டதையெல்லாம் சொன்னான். அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். இழுத்ததெல்லாம் கோபமில்லையா என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்றான். பன்னைப் பிய்த்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"நான் ஊருக்கெல்லாம் ஒண்ணு சொல்லிட்டுத் திரியறேன். அது கிடக்கட்டும்" என்றார். "அன்னைக்குக் காலையில நீங்க கூட இருந்தீங்க. கிளம்பறப்ப உங்ககிட்ட என்ன சொன்னா? நிஜமா சொன்னதைச் சொல்லுங்க."

எட்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் கட்டில் ஓரத்தில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தான். அவள் வாசல் கதவைத் திறந்து, ஒரு காலில் செருப்பை மாட்டி, மறு காலுக்கானதைத் தேடிக்கொண்டிருந்தாள். தெருவில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை, அவள் எப்போதுமே சொல்வதில்லை. படியில் இறங்கியவள் நின்று, திரும்பி, அவன் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துச் சொன்னாள்:

"சாக்ஸ் ரெண்டும் வேற வேற கலரு, பாரு."